மெல்லினம் தொலைந்த வீடு

பேருந்து நிலையத்தின் நடுவில், கழிப்பறைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இடையே ஒரு கண்ணாடி அறை உண்டு. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது இன்றைக்குக் கிளம்பவே கிளம்பாது என்பதையெல்லாம் அதற்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவருடைய உத்தியோகம். எல்லோருக்கும் அவர் மைக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. சம்பளம் போடுகிற குமாஸ்தாவைத் தவிர அதை யாரும் உபயோகித்ததில்லை.

மைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வண்டி தாமதமானால் வராது, மின்விசிறி நின்றுபோனால் வராது. யாராவது பழத்தைப் 'பளம்' என்று சொன்னால் வரும். அப்படி ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்வார். "நாக்கைக் கொஞ்சம் மடிச்சா என்னய்யா கொறஞ்சிடும்? உங்க நாக்குதானே, வாடகைக்கா எடுத்திருக்கீங்க?" என்று நடத்துனரை வழிமறித்துப் பாடம் நடத்துவார். பயணிகள் வண்டிக்குள் வெந்துகொண்டிருப்பார்கள்.

எழுத்துகள் பிறக்கும் இடம் பற்றி அவருக்கு ஒரு தனி வகுப்பே இருந்தது. "மெல்லினம் மூக்குல பிறக்குதுய்யா. ங, ஞ, ண, ந, ம, ன. மூக்கை அடைச்சுக்கிட்டுச் சொல்லிப் பாரு, ஒண்ணும் வராது!" என்று சொல்லி, பெரிய மீசை வைத்த ஓட்டுநர் ஒருவரின் மூக்கைத் தாமே பிடித்துக் காட்டியும் இருக்கிறார். அன்றிலிருந்து அந்த ஓட்டுநர் கண்ணாடி அறைக்கு எதிரே வண்டியைப் பின்னுக்கு எடுத்து, புகையை உள்ளே விட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இந்த மூக்குப் பாடத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்காரருக்கு அது தேவைப்பட்ட நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, தம்முடைய காது. இன்னொன்று, தம்முடைய மகள்.

மகள் பிறந்தபோது எல்லா வீட்டுக் குழந்தையையும்போல 'அம்மா அம்மா' என்றுதான் அழுதாள். மைக்காரருக்கு அதில் வருத்தம். எத்தனை தூக்கினாலும், தோளில் போட்டு எத்தனை நடந்தாலும் கடைசியில் அந்தப் பக்கமே கையை நீட்டினால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஆனால் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த கொஞ்ச காலத்தில் ஓர் அதிசயம் நடந்தது. குழந்தை கட்சி மாறிவிட்டது. விழுந்தாலும் 'அப்பா', பசித்தாலும் 'அப்பா', குளித்துவிட்டுத் துண்டு கேட்டாலும் 'அப்பா'. அம்மா என்கிற வார்த்தையே வீட்டிலிருந்து ஒழிந்துபோயிற்று.

மைக்காரர் தேர்தலில் ஜெயித்தவர்போல ஆகிவிட்டார். மகளை 'வாரிசு' என்று கூப்பிட ஆரம்பித்தார். பேருந்து நிலையத்தில் தேநீர் கொண்டுவந்தவரிடம் ஒருநாள், "பெத்தவ அவ, ஆனா வாய்க்கு வாய் கூப்பிடறது என்னை! பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அப்பா, அப்பா. சில பேருக்குத்தான்யா அந்தக் கொடுப்பினை" என்று பேசிக்கொண்டிருந்தார். மைக்கை அணைக்க மறந்திருந்தார். ஊருக்குப் போகவிருந்த அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு நின்று அதைக் கேட்டார்கள். இரண்டு பேர் கை தட்டினார்கள். அவருக்கு வெட்கம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்றுதான் தோன்றியது.

அவர் மனைவி வீட்டின் முன் அறையில் தையல் இயந்திரம் போட்டுப் பள்ளிச் சீருடைகள் தைப்பவர். கை வேலை செய்யும்போது உதட்டிடுக்கில் குண்டூசிகள் வரிசையாக இருக்கும். அதனால் பாதி நாள் அவர் பேசமாட்டார். உள்ளே இருந்து 'அப்பா' என்று குரல் வந்தால், இயந்திரத்தை நிறுத்தாமல் கணவரைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்துவார். 'உங்களைத்தான், போங்க' என்று அதற்கு அர்த்தம். மைக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். தலை பின்னுவது, செருப்புத் தேடுவது, நகம் வெட்டுவது, துண்டு நீட்டுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தன. விழுந்தன என்றா சொன்னேன்? அவர் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

ஒரு சின்னச் சங்கடம் மட்டும் இருந்தது. வாரிசு ஓடி வந்து, "அப்பா, தட்டிக் குடு" என்று கேட்பாள். மைக்காரருக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். என்ன காரியம் சாதித்தாளோ, பாராட்டு கேட்கிறாள் பார் என்று முதுகில் ஆசையாகத் தட்டிக் கொடுப்பார். குழந்தை அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தானே போய்த் தண்ணீர் மொண்டு குடிக்கும். பாவம், அது கேட்டதே தண்ணிதான்.

இப்படி எத்தனையோ. பக்கத்து வீட்டு நாய் ஒருநாள் வாரிசைத் துரத்தியது. அவள் அலறிக்கொண்டு தெருவில் ஓடி வந்து, "பக்கத்து வீட்டுத் தாய் எட்டைக் கடிக்க வருது!" என்றாள். பக்கத்து வீட்டுத் தாய் அப்போது வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நாலு பேருக்கு முன்னால் அவருக்கு மானம் போயிற்று. அவர் நாயைக் கட்டிவைக்காமல், மைக்காரர் வீட்டோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மைக்காரர் விடுவாரா? ஊருக்கெல்லாம் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிறவர் வீட்டிலேயே இப்படியா என்று, தினமும் சாயங்காலம் மகளை நாற்காலியில் நிறுத்திப் பயிற்சி கொடுத்தார்.

"சொல்லு. பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

"பயடிகளிட் கடிவாட கவடத்திற்கு."

"கடியில்லடி, கனி! திருப்பிச் சொல்லு."

"கடி."

"சோம்பேறி நாக்கு. அசைய மாட்டேங்குது. திருப்பிச் சொல்லு!"

வாயைத் திறந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் வாரிசு. வாயைத் திறந்தபடிதான் எப்போதும் இருப்பாள். திறந்தபடியே தூங்குவாள், பெரிய ஆள்மாதிரி குறட்டை விடுவாள். அதற்கும் மைக்காரர், "என் குரல்வளம் அப்படியே வந்திருக்கு" என்று விளக்கம் வைத்திருந்தார். வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று ஆசிரியை சொல்லி அனுப்பியபோது, பாடம் அந்த லட்சணத்தில் நடக்கிறது என்றார். சாப்பாட்டில் மனசில்லாமல் அளைகிறாள் என்று மனைவி சொன்னபோது, பெண்டாட்டியின் சமையலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் விவரமானவர்.

இதற்கு நடுவில் அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பதற்கென்றே பிறந்தவர், இப்போது நுழைக்க நிஜமாகவே ஒரு மூக்கு கிடைத்துவிட்டது. ஆவி பிடிக்கச் சொன்னார், பிடித்தார்கள். எண்ணெய்ச் சொட்டு விடச் சொன்னார், விட்டார்கள். மருந்துக் கடைக்காரரிடம் தாமே போய் ஒரு சொட்டு மருந்து வாங்கி வந்தார். அதை விட்டால் கொஞ்ச நேரம் மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அப்புறம் முன்பைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும். உடனே இன்னும் நாலு சொட்டு. கடைக்காரர் அக்காவைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் தலையை மடியில் சாய்த்து, மூக்குக்குள் கைபேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார் மனைவி. அவர் முகம் மாறியது. உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்துமெத்தையில் செருகிவிட்டுச் சொன்னார்.

"உள்ளே என்னவோ இருக்குங்க. உரிச்ச திராட்சை மாதிரி, வெளுப்பா."

அக்கா எட்டிப் பார்த்தார். "சதைதான் வளர்ந்திருக்கு. இதுக்கு எதுக்கு டாக்டர்? நூலைச் சுருக்குப் போட்டு ஒரு இழு இழுத்தா கையோட வந்துடும். டேய், உங்க வீட்டுல இல்லாத நூலா?"

மைக்காரர் நிஜமாகவே நூல்கண்டைப் பார்த்தார். மனைவி நூல்கண்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். மறுநாள் காலையிலேயே அக்காவை வீட்டில் விட்டுவிட்டு மூன்று பேரும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. அறை சின்னது. சுழலும் நாற்காலி, தலையில் மாட்டும் விளக்கு, சுவரில் காதின் படம் ஒன்று. உள்ளே நுழைந்ததும் மைக்காரர் தமது வளர்ப்பைக் காட்ட விரும்பினார்.

"டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லு, வாரிசு."

"வடக்கப், டாக்டரப்பா."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை.

"குழந்தைக்கு மூக்கு அடைச்சு எவ்வளவு காலமாச்சு?"

"மூக்கெல்லாம் அப்படியொண்ணும் இல்ல டாக்டர், நாக்குதான் கொஞ்சம்…" என்று மைக்காரர் ஆரம்பித்தார்.

"ரெண்டு மூணு வருஷமாவே இருக்குங்க டாக்டர்" என்றார் மனைவி. "வாயாலதான் மூச்சு விடறா. வாசனையே தெரியல. முதல்ல ஒரு பக்கம் மட்டும்தான் அடைச்சுது."

டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூக்கில் பொத்தான், விதை ஏதாவது போட்டுக்கொண்டாளா? ஒரு பக்கம் மட்டும் நாற்றமாகச் சளி வந்ததா? அடிக்கடி நெஞ்சுச் சளி, இளைப்பு உண்டா? காது கேட்கிறதா? பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தார். மூக்கில் மரத்துப்போகும் மருந்தை அடித்துக் காத்திருந்தார். "கூச்சமா இருக்கும், வலிக்காது. உள்ளே சின்னதா ஒரு கேமரா போகும், நீயே டிவியில பாக்கலாம்" என்று வாரிசிடம் சொல்லிவிட்டு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். திரையில் ஈரமான சிவப்புக் குகை ஒன்று தெரிந்தது. அதற்குள், உரித்த திராட்சை ஒன்று பளபளவென்று வழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மகாராஜா தோரணைதான். வாரிசு கூச்சத்தை மறந்து வாயைப் பிளந்து பார்த்தாள்.

"இது பாலிப்" என்றார் டாக்டர். "பயப்படற மாதிரி கட்டி இல்ல. கன்னத்து எலும்புக்குள்ள காத்து இருக்கற அறை ஒண்ணு இருக்கு, சைனஸ்னு சொல்லுவோம். பெரும்பாலும் அங்கதான் வேர் விட்டிருக்கும். அங்கேருந்து மூக்குக்குள்ள வந்து, பின்னால தொங்கி, ரெண்டு பக்கத்து வழியையும் அடைச்சிருக்கு. இந்த வயசுல பாலிப் அவ்வளவா வராது. ரெண்டு பக்கமும் தனித்தனியா வந்திருந்தா வேர்வைப் பரிசோதனை, அது இதுன்னு இன்னும் கொஞ்சம் தேடணும். இது ஒரு பக்கத்துச் சங்கதிதான். எதுக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்."

"நூலைக் கட்டி இழுத்தா வந்துடாதுங்களா?" என்று மைக்காரர் அக்காவின் சார்பில் கேட்டு வைத்தார்.

டாக்டரின் குரல் கொஞ்சம் கனத்தது. "சார், குழந்தைங்க மூக்குல தொங்கறதெல்லாம் பாலிப்பா இருக்கணும்னு இல்ல. எப்பவாவது ஒரு குழந்தைக்கு மூளையைச் சுத்தியிருக்கற உறையே இறங்கி இப்படித் தெரியும். ஸ்கேன் பாக்காம நாங்களே கை வைக்க மாட்டோம். நீங்க நூல் கட்டறீங்களா?"

அக்கா அங்கே இல்லாததால் முழு அவமானமும் அவருக்கே கிடைத்தது.

"இப்ப பேச்சைக் கொஞ்சம் பாக்கலாம்" என்று டாக்டர் வாரிசின் பக்கம் திரும்பினார். "நான் சொல்றதை அப்படியே சொல்லு கண்ணு. மாமா."

"பாபா."

"நாய்."

"தாய்."

"அம்மா."

"அப்பா."

மைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா டாக்டர்? நீங்க எதைச் சொன்னாலும் அவளுக்கு நான்தான் வருவேன். வீட்டுலயும் அப்படித்தான், எந்நேரமும்…"

பாதியில் நின்றார். மாமா, பாபா. நாய், தாய். அம்மா…

ங, ஞ, ண, ந, ம, ன. மூக்கை அடைச்சுக்கிட்டுச் சொல்லிப் பாரு, ஒண்ணும் வராது. மீசைக்காரரின் மூக்கு அவர் விரலிடுக்கில் மறுபடி வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. டாக்டர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மைக்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மகள் கட்சி மாறவே இல்லை. இத்தனை காலமும் அவள் கூப்பிட்டது அம்மாவை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியது இவர்.

மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த காதின் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூக்கில் அடிக்கும் மருந்தும், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவும் முறையும் எழுதிக் கொடுத்தார் டாக்டர். கடைச் சொட்டு மருந்தை அன்றோடு நிறுத்தச் சொன்னார். வீக்கம் குறையட்டும், ஸ்கேன் வரட்டும், ஆனால் இந்த மாதிரிப் பாலிப்பை ஆபரேஷன் செய்து வேரோடு எடுத்தால்தான் தீரும் என்றார். முகத்தில் வெட்டு இருக்காது, கேமராவை வைத்து மூக்கு வழியாகவே எடுப்போம் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வண்டியில் மகள் சன்னலோரம் தூங்கிவிட்டாள். ஏறி இறங்கினவர்களில் ஒருவர் 'பளம்' என்று சொன்னதுகூட மைக்காரர் காதில் விழவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றார் கடைசியில்.

"என்னது?"

"அவ உன்னைத்தான் கூப்பிடறான்னு."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே."

"ஏன்டி சொல்லல?"

"வாயில குண்டூசி இருந்துது" என்றார் மனைவி.

மனைவியே மேலே பேசினார். இப்போது குரலில் கிண்டல் இல்லை.

"முதல் தடவை சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க ஓடிட்டீங்க. அப்படியொரு சந்தோஷமா ஓடினீங்க. அன்னிக்கு ஒரு சட்டைக் காலர் முழுசையும் எந்திரிக்காம தைச்சு முடிச்சேன். கல்யாணமானதிலேருந்து அப்படித் தைச்சதே இல்ல. சரி, இன்னும் ஒரு நாள் ஓடட்டும்னு விட்டேன். அப்படியே போயிடுச்சு. சளிதானே, தானா போயிடும்னு நினைச்சேன். பெத்தவ நான், உங்களுக்கு முன்னாடியே அவளைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கணும். நம்ம ரெண்டு பேருக்குமே அவ மூக்கு அடைச்சிருந்தது வசதியா இருந்துடுச்சுங்க."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. மைக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த வாக்கியத்தில் உச்சரிப்புப் பிழை எதுவும் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மனுஷன் நல்லவர், இருந்தும் மனுஷன்தானே. ஸ்கேன் வந்தது, டாக்டர் சொன்னபடியே வேர் கன்னத்து அறைக்குள் இருந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம் என்றார்கள். மைக்காரர், "ஸ்ப்ரேயிலேயே கரைஞ்சுடாதுங்களா டாக்டர்?" என்று கேட்டார். கரையாது என்றார் டாக்டர். "பரீட்சை முடியட்டும்" என்றார் மைக்காரர். பரீட்சை முடிந்தது. "லீவுல பண்ணா அவளுக்கு விளையாட்டுப் போயிடும்" என்றார். லீவும் முடிந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம் மயக்க மருந்து, சின்ன உடம்பு, ரத்தம் என்று ஏதேதோ சொன்னார். எல்லாம் நிஜமான பயம்தான். ஆனால் அந்தப் பயங்களுக்கு அடியில் இன்னொன்று படுத்திருந்தது. உள்ளே இருந்து 'அப்பா' என்று குரல் கேட்கும். தமக்கு வந்த தபால் இல்லை என்று தெரிந்தும் அவர் எழுந்து ஓடுவார். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று மனசு மூக்கால் அழும்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவருக்கு வெளிக்கதவைத் தொடும்போதே கருகல் நெடி அடித்தது. உள்ளே ஓடினார். தைத்த சீருடையைக் கொடுத்துவிட்டு வர மனைவி எதிர்வீட்டுக்குப் போயிருந்தார். அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டார். துணி கறுத்து, மேசையின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது. அந்த மேசைக்குக் கீழே முதுகைக் காட்டி உட்கார்ந்து, நிதானமாகப் படம் வரைந்துகொண்டிருந்தாள் வாரிசு. மேலே புகை சுருண்டு போகிறது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மைக்காரர் இணைப்பைப் பிடுங்கி, துணியைத் தரையில் வீசி மிதித்து, மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அவள் முகத்தை நிமிர்த்தி, ஒன்றும் புரியாமல் கேட்டாள்.

"எட்டப்பா?"

என்னப்பா என்றுதான் கேட்டாள். ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு பெயர். தமிழ் தெரிந்த யாரையாவது அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள், சுருக்கென்று தைக்கும். மைக்காரருக்கும் தைத்தது. ஒரு வார்த்தைக்காகக் குழந்தையைப் புகையில் உட்கார வைத்துவிட்டோமே என்று அங்கேயே, கருகிய துணிமேல் நின்றபடியே டாக்டருக்குப் போன் செய்தார்.

"எந்த நாளா இருந்தாலும் சரிங்க டாக்டர். சீக்கிரம் எடுத்துடுங்க."

ஆபரேஷன் அன்று மருத்துவமனை நடையில் மைக்காரர் உட்காரவே இல்லை. அக்கா வந்திருந்தார். "நூலு கட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்று சொல்ல வாயெடுத்தவர், தம்பியின் பெண்டாட்டி பார்த்த பார்வையில் பாதியோடு விழுங்கிக்கொண்டார். டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது, வேரையும் எடுத்துவிட்டோம், சோதனைக்கு அனுப்புகிறோம் என்று ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். தெளிந்த நீரில் அந்த மகாராஜா மிதந்துகொண்டிருந்தார். இத்தனூண்டு. இதுவா என் வீட்டில் ஆட்சி நடத்தியது என்று மைக்காரர் மூக்கில் விரலை வைத்தார்.

வாரிசு கண் விழித்ததும் முனகிய முதல் வார்த்தை 'அப்பா'. மைக்காரர் பதறித் திரும்பி, "உன்னைத்தான் கூப்பிடறா, போ" என்று மனைவியை முன்னால் தள்ளினார். மூக்குக்குள் இன்னும் வீக்கம் இருக்கும், பேச்சு தெளிய நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நாட்களில் வந்த 'அப்பா' ஒவ்வொன்றையும் மைக்காரர் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவர்போல வாங்கி வைத்துக்கொண்டார். வேளை தவறாமல் மகளின் மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவியதும் அவர்தான். கழுவக் கழுவ வார்த்தை அவர் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தே கழுவினார். ஒரு வேளைகூடத் தவறவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் அது வந்தது. மைக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நின்றிருந்தார். மனைவி முன் அறையில் பித்தான் வைத்துக்கொண்டிருந்தார். குளியலறையிலிருந்து, மணி அடித்த மாதிரி, மாசு மருவில்லாமல் குரல் கேட்டது.

"அம்மா! துண்டு!"

மைக்காரரின் கால் வழக்கம்போல ஓர் எட்டு வைத்துவிட்டது. பிறகு நின்றது. அவர் கேட்டதிலேயே அழகான 'ம' அதுதான். இரண்டு உதடும் பொருந்தி, மூக்கில் ஓடி, இனிமையாக வந்து இறங்கிய 'ம'. உச்சரிப்பு வாத்தியாருக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. பெற்ற அப்பனுக்குக் கை எழவில்லை. அவர் மறுபடி கண்ணாடியின் பக்கம் திரும்பி, சவரக் கத்தியை எடுத்துக்கொண்டார்.

மனைவி குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு எழுந்தார். கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு போய்க் கதவிடுக்கில் நீட்டினார்.

"நீ ஏம்மா வந்தே?"

"நீதானேடி அம்மான்னு கூப்பிட்டே?"

"ஆமா" என்றாள் வாரிசு, இதுகூடத் தெரியாதா என்கிற தோரணையில். "அம்மான்னு கூப்பிட்டா அப்பாதானே வருவாரு."

மனைவி துண்டைக் கதவிடுக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்றிருந்தவரிடம் வந்து, அவர் தோளில் அதைப் போட்டார்.

"போங்க. உங்களைத்தான் கூப்பிடறா."

மைக்காரர் பாதி நுரையோடு குளியலறைக் கதவு முன்னால் போய் நின்றார். பேருந்து நிலையம் முழுக்க ஒலிக்கிற குரல், இப்போது வரமாட்டேன் என்றது. மூக்கு, தொண்டை, கண் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடைத்துக்கொண்டன. ஒருவழியாகச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"வத்துட்டேட்."

கதவிடுக்கில் ஓர் ஈரத் தலை எட்டிப் பார்த்தது.

"அப்பா, 'ன்' எங்கப்பா?" என்றாள் வாரிசு. "திருப்பிச் சொல்லுங்க."